பத்து லட்சத்து ஒன்பது

கரமனைத் தெருவில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்கிறவள் சாவித்ரி. கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு அரசாங்க வேலைக்குப் போனவள். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்னால் போகும் வண்டியின் நம்பர் எதனால் வகுபடும் என்று மனசு தானாகத் தேடும்.

அப்படிப்பட்டவள்தான், கணவர் சாம்பசிவனை இருதய ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதும் அவருடைய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்தாள். 1000009. 'இது பகா எண்ணாக இருந்தால் அவர் பிழைத்து வருவார்.' நினைத்தது நினைத்ததுதான்; திரும்ப எடுக்க முடியவில்லை.

போனிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடும். கேட்கப் பயமாக இருந்தது. மருந்து பில்லின் பின்பக்கத்தில் வகுக்கத் தொடங்கினாள். ஆயிரத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது இந்த எண். அதனால், நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். பாதி வேலை மிச்சம். பதிமூன்று போகவில்லை. பதினேழுக்கு ஒன்று மிஞ்சியது. இருபத்தொன்பதுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் போகாதபோது மூச்சு வந்தது.

மதியத்துக்குள் முடியும் என்றிருந்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. நர்ஸ் வெளியே வந்து, ரத்தம் நிற்கவில்லை, இன்னும் ரத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டாள். மகள் மாளவிகா ரத்த வங்கிக்கு ஓடினாள். ஆனாலும் சாவித்ரி வகுப்பதை விடவில்லை. 281, போகவில்லை. அடுத்தது 293.

மீதி இல்லை.

பெருக்கிப் பார்த்தாள். 293ஐ 3413ஆல் பெருக்கினால் அதே பத்து லட்சத்து ஒன்பது. இன்னொரு தரம் பெருக்கினாள். மாறவில்லை.

மாளவிகா திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. என்னவென்று கேட்டவளிடம் சாவித்ரி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மாளவிகா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அது அட்டையோட நம்பராக்கும், அம்மா. அப்பாவோடது இல்லை."

விளக்கு போடுகிற வேளையில் டாக்டர் வந்தார். ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் கண் விழிக்கும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார். அந்தக் காத்திருப்பில் சாவித்ரி மறுபடி அதே எண்ணிடம் போனாள், இந்தத் தடவை எந்த வேண்டுதலும் இல்லாமல். ஆயிரம், மூன்றின் வர்க்கங்களைப் போலவே 235, 972 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே எண் வந்தது. இப்படி இரண்டு விதமாகப் பிரிய எந்தப் பகா எண்ணாலும் ஆகாது. அழகாகத்தான் இருந்தது அது.

மறுநாள் சாம்பசிவன் கண் விழித்தார். வீட்டுக்கு வந்து, கஞ்சி குடிக்கிற அளவு தேறியபிறகு ஒருநாள் அவரிடம் சொன்னாள்.

"வகுபடறதுன்னு தெரிஞ்சப்போ என்ன பண்ணினே?"

"திரும்பப் பெருக்கிப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"மாளு கையைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருந்தேன்."