சில்லு பட்டதெல்லாம் அடியா?

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வலது கண்ணில் புரை ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா என் வீட்டுக்காரரைக் கேட்டார்: "கண்ணுல எப்பவாவது அடிபட்டிருக்கா?"

"அதெல்லாம் ஒன்னும் கெடையாதும்மா" என்றார் இவர்.

பொய் இல்லை. மாமல்லபுரத்தில் இவரைப்போலக் கல் செதுக்குகிறவர்களுக்கு அடி என்றால் ஈசிஆர் ரோட்டில் வண்டியோடு விழுவது. சில்லு தெறித்துக் கண் வீங்குவதை எவன் அடி என்பான்? ஒருமுறை கோலிக்குண்டு அளவுச் சில்லு பட்டு வலது கண் மூடியே போனது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டேன். வீக்கம் வடிந்ததும் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

சீக்கிரம் முடியும் என்ற ஆபரேஷன் முடியவே இல்லை. கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"கண்ணுக்குள்ள லென்ஸ் ஒரு பையில இருக்கும்மா. சுத்தியும் மெல்லிசான நூலுங்க அதைப் பிடிச்சிருக்கும். இவருக்கு ஒரு பக்கம் அறுந்து கிடக்கு. பழைய அடி. முன்னாடியே தெரிஞ்சிருந்தா பையைத் தாங்குற வளையத்தைக் கையில வெச்சிருப்பேன். பை சரிஞ்சுபோச்சு, இப்ப புது லென்ஸ் வைக்க முடியல."

பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்துதான் லென்ஸ் வைத்தார்கள். ஆனாலும் அந்தக் கண்ணுக்கு ஆள் தெரியும், கல்லில் போட்ட கோடு தெரியாது. இடது கண்ணிலும் புரை. அதுவும் போனால் உளியைத் தொட முடியாது. மனுஷன் பயந்துபோய் அந்த ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"குருடா குந்திக்கினு இருக்கப் போறியா? வாய்யா, இந்த வாட்டி எல்லாத்தையும் சொல்லு" என்று கத்தி இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா உட்காரச் சொல்வதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். "இந்தக் கண்ணுலயும் பட்டுக்கீதும்மா. நந்திக்குக் கொம்பு செதுக்கசொல்ல சில்லு தெறிச்சி ஒரு வாட்டி. அப்பறம் சுத்தியல் தலை கயண்டு வந்து அடிச்சிது. கொஞ்ச நாளு அந்தப் பக்கம் ஒன்னுமே தெரியல..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா! ஒரு கண் தெரியாமல் என் எதிரிலேயே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாரே.

இந்த முறை வளையத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். நல்லவேளையாக அந்தக் கண் பிழைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன்: "ஏன்யா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா மறுநாளு வேலைக்கு வுட்டிருப்பியா?" என்றார்.

விட்டிருக்க மாட்டேன்.