பால் போத்தலில் தேத்தண்ணி

இலங்கையிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குச் சென்னையில் அறை பார்த்துக் கொடுப்பது, ஆஸ்பத்திரியில் எந்தக் கவுன்டரில் நிற்க வேண்டும் என்று சொல்வது, அவர்களுக்காக ஆட்டோக்காரர்களோடு சண்டை போடுவது, இதுதான் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக என் வேலை. நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள்தான். மயிலாப்பூரில் குடியிருந்து காய்கறி வாங்கிப் பழகியதில் என்னுடைய 'ஓம்' எப்போதோ 'ஆமா'வாகிவிட்டது. சண்டைக்கும் சென்னைத் தமிழ்தான் உதவும். யாழ்ப்பாணத் தமிழில் ஏசினால் ஆட்டோக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், கூலியைக் குறைப்பதில்லை.

போன வருடம் புத்தளத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய்க்கு மார்பில் புற்றுநோய். ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். திருவான்மியூரில் மாடியில் ஒரு அறை பிடித்திருந்தேன். முதல் நாள் அவரைக் கையைப் பிடித்து ஏற்றும்போது, "கவனம் ராத்தா, படி உயரம்" என்று வாயில் வந்துவிட்டது. முஸ்லிம் அக்காமாரை எங்கள் ஊரில் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை எவ்விடம்?"

எங்கள் ஆட்களால் இந்தக் கேள்வி இல்லாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணம் என்றேன். அது போதாது. எந்த றோட்டு, றோட்டில் எந்த ஒழுங்கை என்று போய், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் வந்து நின்றது.

"கிணத்தடியில முருங்கை நிண்ட வீடோ? வாத்தியார் வீடு?"

"ஓம், ராத்தா."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் அந்த முகம் தெரிந்தது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது மணப்பெண்ணாக வந்தவர். மகனைக் கூப்பிட்டு, "இதுதான் நான் சொல்ற அந்த வீட்டுப் பிள்ளை" என்றார். முப்பத்தாறு வயது மனிதன், கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் மரியாதையாக நின்றான்.

எங்கள் ஊர் முஸ்லிம்களை வெளியேற்றிய கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். உடுத்திருந்த துணியோடு போகச் சொன்னார்கள். போகச் சொன்னவர்கள் தோளில் துவக்கு மாட்டிய இயக்கத்துத் தமிழ்ப் பொடியன்கள். போனவர்களுடைய மொழியும் தமிழ்தான். எங்களைச் சிங்களவர் அடித்ததை முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிற நாங்கள், இதை மட்டும் யாராவது கேட்டால்தான் சொல்வோம்.

ராத்தாவின் கதை இது. ஒரு வயதுப் பிள்ளை பசியில் கத்துகிறது. பால்மா இல்லை. எங்கள் வேலியோடு வந்து நின்று என் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா பால் போத்தலை வாங்கி, அது நிறையத் தேத்தண்ணி ஊற்றி வேலிக்கு மேலால் கொடுத்தாவாம். பொழுதுபடும்வரை நடந்த நடையில் பிள்ளைக்கு அதுதான் ஆகாரம். "அந்தத் தேத்தண்ணிலதான் இவன் பிழைச்சவன்" என்றார். புத்தளத்தில் அகதி முகாமில் யாராவது தமிழரைத் திட்டினால் அவர் எழும்பி, ஒரு வீட்டார் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தவை என்பாராம். அந்த மகனும் அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறான்.

அம்மா ஒன்றும் கொடுக்கவில்லை.

அப்பா கதவைப் பூட்டிவிட்டு எங்களை உள் அறையில் இருத்தியிருந்தார். ராத்தா இரண்டு தரம் கூப்பிட்டது கேட்டது. அம்மா பாதி எழும்பினா, அப்பா பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தா. எனக்குப் பதினேழு வயது. பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான். எழும்பியிருக்கலாம், எழும்பவில்லை. ஒழுங்கை அடங்கிய பிறகு அண்ணா வேலி பாய்ந்து போய், அவர்கள் அடுப்பிலேயே விட்டுப்போன சோற்றுப் பானையைத் தூக்கிவந்தான். "வீணாப் போகப்போகுது" என்று அம்மா சொன்னா. சோறு சூடாக இருந்தது. நாங்கள் சாப்பிட்டோம்.

இல்லை ராத்தா என்று அந்தப் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது வாரம், ஆஸ்பத்திரி வரிசையில் அவர் மறுபடி அதைச் சொன்னபோது, "அப்ப சீனி இல்லைத்தானே, அம்மா பனங்கட்டி போட்டவ" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய் நன்றாகத்தான் நடந்தது. அன்றைக்கு மாலையே மகன் வீடியோ அழைப்பில் என்னைத் தன் பெண்சாதிக்கும் மகளுக்கும் காட்டினான். "பனங்கட்டி போட்டுக் குடுத்தவையாம்" என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சொன்னான். நான் சிரித்துக்கொண்டு கையசைத்தேன். அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அடையாறில் ஒரு அம்மா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போரில் அடிபட்டவர்களைக் கூட்டி வைத்துப் பேசச் சொல்வார். மயிலாப்பூரில் பரம்பரையாக இருக்கும் குடும்பம், மனநல ஆலோசகர், நல்ல மனுஷி. வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பகை தீரும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கிண்டல் செய்துகொண்டே ஆள் கூட்டிப்போவேன். அந்த மாதம் ராத்தாவையும் மகனையும் அழைத்துப் போனேன்.

ராத்தா பேசினார். பிள்ளையின் பசி, வேலி, போத்தல், பனங்கட்டி. இரண்டு மகன்களைப் போரில் பறிகொடுத்த ஒரு தமிழ்ப் பெரியவர் வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கட ஆக்களில ஒரு வீடாவது மனுசராய் இருந்திருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆலோசகர் என்னைப் பார்த்தார்.

"உங்க அம்மா செஞ்சது சின்ன விஷயம் இல்ல. நீங்க ஏதாவது சொல்றேளா? மனசுல இருக்கறதைச் சொன்னா பாரம் இறங்கிடும்."

சொன்னேன். பூட்டிய கதவு, உள் அறை, இரண்டு தரம் கூப்பிட்டது, சோற்றுப் பானை, பனங்கட்டி என் சரக்கு என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். உண்மை பேச வேண்டும் என்று பேசியதாக அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பாராட்டை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். மாலையைக் கழற்றி எறிந்தால் போதும் என்று இருந்தது. அது யார் மேல் போய் விழும் என்று பார்க்கவில்லை.

மகன் குனிந்து தரையைப் பார்த்தான். ராத்தா முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப ஆர் தந்தது?"

"தெரியாது, ராத்தா."

"போத்தல் சூடா இருந்ததே" என்றார், தனக்குள் சொல்வதுபோல.

ஆலோசகர்தான், "எல்லாரும் கண்ணை மூடிண்டு ஒரு நிமிஷம் மூச்சை இழுத்து விடலாம்" என்றார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் செய்தது பெரிய தைரியம் என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. என்னைத்தான் அறைந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது ஆட்டோக்காரர், "இன்னாமா, சிலோனா நீங்க? அங்க இப்ப சண்டைலாம் முடிஞ்சிட்ச்சா? நல்லா கீதா?" என்று கேட்டார். மகன்தான், "ஓம் அண்ணே, முடிஞ்சுது" என்றான்.

அதன் பிறகும் ராத்தா என்னோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கோபம் காட்டவில்லை. காட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அறையில் சமைத்ததில் எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைப்பது மட்டும் நின்றுபோனது. சாப்பாடு இறங்கவில்லை என்று அவரும் பாதியில் வைத்துவிடுவார். கதிர்வீச்சால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

கடைசி வாரம், அவர் உள்ளே போயிருந்த நேரம், மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு உதவி. அண்டைக்குக் குழம்பிப் பிழையாச் சொல்லிட்டன் எண்டு உம்மாட்ட சொல்லுங்கோ. அம்மாதான் தந்தவ எண்டு சொல்லுங்கோ."

"உங்களுக்கு உண்மை தெரியும்தானே?"

"எனக்கு உண்மை தேவையில்ல அக்கா. உம்மா நித்திரை கொள்றா இல்ல. நீங்க சொல்லாம விட்டிருக்கலாம்."

சொன்னேன். அறையில், மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, "ராத்தா, எனக்கு அண்டைக்கு மனம் சரியில்ல. அம்மா தந்தவதான், நான்தான் பாக்கேல்ல" என்றேன். அவர் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்து முடித்தார்.

"மகன் சொல்லச் சொன்னவனோ?"

நான் காலி மாத்திரை அட்டையை மடிக்கத் தொடங்கினேன். அவர் என் தலையைத் தடவினார். அந்தக் கை என் மேல் இருந்த நேரம் முழுக்க, அதை எடுத்துவிடமாட்டாரா என்றுதான் இருந்தது.

அவர்கள் ஊருக்குப் போன அன்றைக்கு விடியற்காலையில் கார் வந்தது. மகன் பெட்டிகளை ஏற்றினான். ராத்தா பின் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். மகன் காதில் விழாத மாதிரி மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்த ஒழுங்கையில ஒருத்தரும் எங்களுக்கு ஒண்டும் தரேல்ல, என்ன?"

முப்பத்தைந்து வருடம் அவர் எங்களை மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரோ தந்திருப்பார்கள் என்று இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் இருந்தது, நம்ப அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"ஓம், ராத்தா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, என் கையை விட்டார். கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார்.