நந்தனம் வீட்டில் மட்டும் ஒழுகிய கார்

அந்த நீலக் கார் மறுபடியும் பாலவாக்கம் மெக்கானிக் கொட்டகைக்கு வந்து நின்றது. ஜான்சி பானெட்டைத் தூக்கிவிட்டு வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்புரேட்டர் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலக் காய்ந்து கிடந்தது. பெட்ரோல் ஒழுகுகிறது என்று சொல்லித்தான் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். அவள் கொட்டகைக்குள் வண்டி வந்துவிட்டால் ஒரு சொட்டு கிடையாது.

“உங்களுக்கு வாடை வருதா அண்ணாச்சி?”

“எனக்கு ஒண்ணும் வரல. வீட்டுலதான் சொல்லுதா. வண்டியில ஏறவே மாட்டேங்கா” என்றார் சிதம்பரநாதன்.

அவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மகள் பூஜாவின் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலம் போகட்டும் என்று, ஏறக்குறைய தன் வயதுள்ள அந்தக் காரைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். கல்யாணம் நெருங்கிவிட்டது. “பெட்ரோல் நாத்தத்துல எம் பொண்ண உக்கார வைக்க மாட்டேன்” என்று அவர் மனைவி தங்கம் பிடிவாதமாக இருந்தாள்.

ஜான்சிக்கு அண்ணனின் படகு எஞ்சினைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. படகிலிருந்து ஸ்கூட்டர், ஸ்கூட்டரிலிருந்து பழைய கார்கள் என்று தொழில் தானாக வளர்ந்தது. குனிந்த மாத்திரத்தில் எங்கே கசிகிறது என்று அவள் மூக்கு சொல்லிவிடும். பெருந்தொற்றுக் காய்ச்சல் வந்தபோது அந்த மூக்கு அடியோடு அடைத்துப்போனது. பிறகு வாசனை திரும்பியது, ஆனால் தாறுமாறாக. மீன் குழம்பு கொதித்தால் பினாயில் மாதிரி இருந்தது. எண்ணெய்ப் பலகாரம் ரப்பர் கருகுவது மாதிரி. பெட்ரோல் சில நாள் அழுகிய வாழைப்பழம், சில நாள் வெறும் காற்று. வருஷங்கள் ஆகியும் சரியாகவில்லை. வாடிக்கைக்காரர்கள் யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

அதனால் இந்தக் காரில் எதை நம்புவதென்று அவளுக்குப் புரியவில்லை. வாடை அடிக்கிறது என்கிறாள் ஒருத்தி, இல்லை என்கிறார் புருஷன். தன் மூக்கைக் கேட்டால் அது எல்லோருக்கும் முந்திப் பொய் சொல்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, வாஷர் மாற்றி, பெட்ரோல் வரும் வாயை மூடித் திறக்கும் நீடிலையும் புதிதாகப் போட்டிருந்தாள். கொட்டகையில் வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாள் விரித்தபடியே உலர்ந்து கிடந்தது. நந்தனத்தில் அவர்கள் வீட்டுக்கு வண்டி போன மறுநாள் வழக்கம்போல் போன் வந்தது. ஒரு கட்டத்தில் அந்த அம்மாவுக்குக் காரைப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம் என்றுகூட நினைத்தாள். நினைத்ததும் சங்கடமாக இருந்தது. தன் வாசனைக் கோளாறைச் சொன்னாலும் மற்றவர்கள் இப்படித்தானே நினைப்பார்கள்?

கடைசியில் வண்டியோடு அவளே நந்தனத்துக்குப் போனாள். தெருவிலிருந்து வீட்டுக்கு அடியில் இறங்கும் சரிவில், முகப்பு கீழே பார்க்க வண்டியை நிறுத்தச் சொன்னார் சிதம்பரநாதன். தினமும் அங்கேதான் நிற்குமாம். அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். தங்கம் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்தபடி எட்டி நின்றாள்.

“அக்கா, மூஞ்சிக்குப் போடுற பவுடர் வூட்ல இருக்குதா?”

தங்கம் ஒன்றும் புரியாமல் உள்ளே போய் எடுத்து வந்தாள். கார்புரேட்டரின் வெளிப்புறம் முழுக்க ஜான்சி அதைத் தட்டிப் பூசினாள். பெட்ரோல் கசிந்து காய்ந்துபோனாலும் பவுடரில் தடம் நிற்கும்.

“இது எதுக்கும்மா? மோந்தாலே தெரியுமே.”

ஜான்சி பவுடர் டப்பாவை மூடினாள். பிறகு சொல்லிவிட்டாள். “எனக்கு மோப்பம் சரியில்லக்கா. காய்ச்சலுக்கு அப்புறம் எல்லாமே வேற மாதிரி வருது. நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”

தங்கம் தலைப்பை இறக்கினாள். “அப்ப ஒனக்கும் தெரியல, இவுகளுக்கும் தெரியல. நாந்தான் கிறுக்கச்சி மாதிரி கத்திக்கிட்டு கெடந்தேனாக்கும்” என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காரின் அருகிலேயே உட்கார்ந்தாள்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் தங்கம் நிமிர்ந்தாள். “இப்ப அடிக்கி.”

ஜான்சி குனிந்தாள். கார்புரேட்டர் மூடியின் ஓரத்திலிருந்து பவுடரில் ஈரக்கோடு ஒன்று மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அணைந்திருக்கிறது, பம்ப் ஓடவில்லை. அப்படியிருக்க பெட்ரோலை யார் தள்ளுகிறார்கள்? வண்டியைத் தெருவில் சமதரையில் நிறுத்தி, துடைத்து, மறுபடி பவுடர் போட்டாள். கோடு இல்லை. சரிவில் இறக்கினாள். கோடு வந்தது.

அப்போது பக்கத்து வீட்டில் வாசல் கழுவிய தண்ணீர் சரிவில் வழிந்து வந்தது. வண்டியின் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டு முன்சக்கரத்துக்கு ஓடியது. ஜான்சி அதையே பார்த்தாள். டேங்க் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. இங்கே நின்றால் கார்புரேட்டரைவிட உயரத்தில். பெட்ரோல் தானாகவே இறங்கி வருகிறது. கொட்டகையின் சமதரையில் அதற்கு வழியில்லை.

வரட்டும், ஆனால் புது நீடில் அதை மறித்திருக்க வேண்டுமே? மூடியைத் திறந்து நீடிலை எடுத்தாள். அதன் முனையில் மிளகுத்தூள் போலக் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. விரலில் நசுக்கினால் ரப்பர். பம்புக்குப் போகும் பழைய ரப்பர் பைப் உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கழுவிக் கழுவி அனுப்ப, பைப் புதுத்தூளை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே அது புத்தம்புதிதாகப் பளபளத்ததால் அவள் அதைத் தொட்டதே இல்லை.

பைப் மாற்றி, எல்லாவற்றையும் கழுவி மாட்டியபின், சரிவிலேயே மதியம்வரை நிறுத்தி வைத்தார்கள். பவுடர் பவுடராகவே இருந்தது. தங்கம் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். “பாண்டிபஜார் வரைக்கும் போவோம்மா.”

பனகல் பூங்கா சிக்னலில், வண்டி ஓட்டிய ஜான்சிக்குச் சட்டென்று ரப்பர் கருகும் நெடி வந்தது.

“அக்கா, இன்னா வாடை வருது?”

தங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “பஜ்ஜி போடுதான் அங்க. வேற ஒண்ணுமில்ல, நீ ஓட்டு.”

ஜான்சிக்கு அது ரப்பராகத்தான் இருந்தது. இறங்கி ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கலாமா என்று யோசித்தாள். பச்சை விழுந்ததும், தங்கம் சொன்னதை நம்பி, கியரைப் போட்டாள்.