சங்குப்பூ

தலையில் வைக்க முடியாத பூ ஒன்று உண்டென்றால் அது கடலில் கிடைக்கும் சங்குப்பூதான். ஒருநாள் நைனாவின் வலையில் சிக்கி வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்புபோல முறுக்கிக்கொண்டு, வெளிறிய தேன் நிறத்தில், மணமே இல்லாமல் இருந்தது. பூ என்ற பேரை நம்பி, கடல்தண்ணீர் ஊற்றிய சட்டியில் அதைப் போட்டு, மலருமென்று காத்திருந்தேன்.

எனக்கு வேறு வேலையும் இருந்தது. அந்த வருஷம் ஏரியில் மீன் இல்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்கார, அதாவது டச்சுக்காரத் துரைசானிக்குக் குழந்தை பிறந்து, பால் சுரக்காமல் போகவே, தம்பியைப் பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத அம்மாவைப் பாலூட்ட அழைத்துக்கொண்டார்கள். அவள் அங்கேயே தங்கினாள். அவள் அனுப்பிய அரிசியால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, சங்கில் ஊற்றித் தம்பிக்குப் புகட்டுவது நான். எட்டு வயதில் தாயாகிவிட்ட மிதப்பு எனக்கு. அவன்தான் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தான்.

மத்தியானங்களில் அவனை மடியில் போட்டுக்கொண்டு சட்டியையே பார்த்திருப்பேன். ஏரிக்காற்றில் வீடு மெல்ல மிதந்து போவதாகத் தோன்றும். பூவுக்குள் யாரோ மூச்சு விடுவதாகவும் தோன்றும்.

பொறுமை போய் ஒருநாள் அதைக் கீறினேன். உள்ளே அறை அறையாக இருந்தது. ஓர் அறையில் இரண்டே இரண்டு குட்டிச் சங்குகள், முறுக்கும் மூக்கும் தப்பாமல், தூக்கத்தில் நகர்வதுபோல் ஊர்ந்தன. அது பூவே இல்லை, முட்டைக்கூடு. மற்றபடி அந்த அறையில் கொஞ்சம் சவ்வுதான் மிச்சம். இவ்வளவு பெரிய அறையில் இரண்டுதானா என்று நைனாவைக் கேட்டேன்.

"மொதல்ல நெறைய இருக்கும் கண்ணு. அதுல பெருத்தது மத்தத தின்னுட்டுத்தான் வெளிய வரும்" என்றார்.

சில நாள் கழித்து அம்மா ஒரு மத்தியானம் வந்தாள். இடுப்பில் துரைசானியின் குழந்தை, வெண்ணெய் உருட்டி வைத்ததுபோல். நான் சட்டியைத் தூக்கிக் காட்டி, புதிதாகக் கற்றதை ஒப்பித்தேன்.

"நோஞ்சான குண்டானது தின்னுடுமாம்மா. நைனா சொல்லிச்சு."

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அந்தக் குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டு, தம்பியை வாரியெடுத்து மார்போடு அணைத்தாள். பால் தானாகவே சொட்டியது. அவனுக்குச் சப்பத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் பக்கம் கையை நீட்டி அழுதான்.

அம்மாவைவிட என்னைத்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றெல்லாம் எனக்கு ஒரே பெருமை.