தமிழ்வாணி போட்ட 'தி'

தமிழ்வாணி அவனியாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். வயது நாற்பத்து நான்கு. தெருவில் எல்லோரும் அவளை 'டீச்சர்' என்கிறார்கள். எப்போதும் கையில் இங்கிலீஷ் தாள் இருப்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை, ஆனால் யாரையும் திருத்தவும் இல்லை.

அவள் வேலையே திருத்துவதுதான். கொரியா, துருக்கி, பிரேசில் என்று பல நாட்டு டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் எழுதும் இங்கிலீஷ் கட்டுரைகளை, பத்திரிகைகளில் அச்சாவதற்கு முன்னால் பிழை நீக்கிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று மதுரையில் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அதில் இருக்கிறாள். மற்றவர்கள் எல்லாப் பிழையும் பார்ப்பார்கள். ஆர்ட்டிகிள் எனப்படும் 'எ', 'ஆன்', 'தி' ஆகிய மூன்று சின்னச் சொற்கள் எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்பதில் மட்டும் சந்தேகம் வந்தால் அவளிடம் போவார்கள்.

அவளுக்கு அது சுலபமாக வரவில்லை. அப்பா கண்ணுச்சாமி திருவாதவூரில் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் முதலில் காலேஜ் படி ஏறியவள் இவள்தான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.ஏ. இங்கிலீஷில் சேர்ந்தாள். முதல் பரீட்சைத் தாள் திரும்பி வந்தபோது முப்பத்தேழு இடங்களில் சிவப்பு வட்டம். முப்பத்தேழும் இந்த மூன்று சொற்கள்தான். சில இடத்தில் விட்டிருந்தாள், சில இடத்தில் தேவையில்லாமல் போட்டிருந்தாள். பாடம் நடத்திய விரிவுரையாளர் தாளை உயர்த்திக் காட்டி, "கதிர் அறுக்குற ஊர்ல ஆர்ட்டிகிள் விளையாது போல" என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, பஸ்ஸில் ஒத்தக்கடை தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து ஒரு காரியம் செய்தாள். லைப்ரரியில் இங்கிலீஷ் செய்தித்தாளை எடுத்து ஒரு பத்தியை நோட்டில் எழுதிக்கொள்வாள், இந்த மூன்று சொற்களை மட்டும் விட்டுவிட்டு. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து, விட்ட இடங்களைத் தானே நிரப்புவாள். பிறகு லைப்ரரிக்குப் போய் அதே செய்தித்தாளோடு ஒத்துப்பார்ப்பாள். முதல் மாதம் பாதிக்கு மேல் தப்பு. ஆறு நோட்டு முடிந்தபோது ஒரு பத்தியில் ஒன்றோ இரண்டோதான் தப்பானது. அதற்குள் விதியெல்லாம் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டிருந்தது. எந்த ஆள், எந்தப் பொருள் என்று வாசிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாத ஒன்று என்றால் 'எ'.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலுவலகத்தில் ஒரே ஹாலில் முப்பது பேர். "அக்கா, இங்க 'ட்யூமர்'க்கு முன்னாடி 'தி' வருமா?" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். அவள் தன் இடத்தில் இருந்தபடியே, "எந்தக் கட்டின்னு முன்னாடியே சொல்லியாச்சா?" என்று திருப்பிக் கேட்பாள். "சொல்லியாச்சு." "அப்பப் போடு." நாள் முழுவதும் இப்படியே கத்தல். மூணு மணி டீ வரும்போது தொண்டை கட்டியிருக்கும்.

கல்யாணம் ஒன்று மேலூர்ப் பக்கம் கூடி வந்தது. நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கண்ணுச்சாமிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. ஊரில் வைத்துப் பார்க்க வழியில்லை. தம்பி முத்துக்குமரன் அப்போது வெளிநாட்டில் இருந்தான். தமிழ்வாணி அப்பாவை அழைத்துக்கொண்டு அவனியாபுரத்துக்குக் குடிவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவள் அவர்களைக் குறை சொன்னதில்லை.

அப்பா ஒன்பது வருடம் இருந்தார். ஊரடங்கில் கம்பெனி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது, பிறகு அந்த ஹாலையே காலி செய்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வேலை பார்ப்பதைப் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி அவர் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவு.

"இன்னைக்கு எத்தன 'தி' போட்ட தாயி?"

"நூத்தம்பது இருக்கும்ப்பா."

"அம்புட்டுமா? அது இல்லாட்டி அவங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சாம்?"

"எந்த ஆளுன்னு தெரியணும்லப்பா."

"ஆளு வந்துட்டாருன்னா நமக்குத் தெரிஞ்ச ஆளு. ஒரு ஆளு வந்தாருன்னா தெரியாத ஆளு. இதுக்கு எதுக்கு தனியா ஒரு எழுத்து?"

சரியாகத்தான் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போவாள். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. கட்டில் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதன்மேல் துவைத்த துணிகளைப் போட்டு வைக்கிறாள்.

போன ஆவணியில் கொரியாவின் மலைப்பகுதி ஒன்றிலிருந்து ஒரு டாக்டரின் கட்டுரை வந்தது. கீழே விழுந்து, எழ முடியாமல் நெடுநேரம் கிடப்பவர்களுக்குத் தசை நைந்து சிறுநீரகம் பழுதாவது பற்றியது. தனியாக வாழ்ந்த ஒரு பெண்மணி குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். மூன்றாம் நாள் 'நெய்பர்' கண்டுபிடித்தார் என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்ற அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

'எ நெய்பர்' என்றால் பக்கத்தில் பலர் இருந்தார்கள், அதில் யாரோ ஒருவர். 'தி நெய்பர்' என்றால் இருந்ததே அந்த ஒருவர்தான். கட்டுரையில் வேறு எங்கும் துப்பு இல்லை. அவள் டீம் லீடர் அழகுராஜாவுக்குப் போன் போட்டாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பதால் குரல் கரகரத்து இரண்டு முறை இருமவேண்டி வந்தது.

"அக்கா, இதுக்கெல்லாம் எழுதின டாக்டருக்கே கேட்டு எழுதணுமா? 'எ' போட்டு அனுப்பிருங்க. யாரு பாக்கப்போறா?"

"பல பேரு இருந்தும் மூணு நாள் யாரும் பாக்கலைங்கிறது வேற, இருந்த ஒரே ஆளு வந்து பாத்தாருங்கிறது வேற, அழகுராஜா."

"சரி, உங்க இஷ்டம். ரெண்டு நாளைக்கு மேல தள்ளாதீங்க."

அவள் கேள்வியை எழுதி, கம்பெனி வழியாக அனுப்பினாள். நோயாளிக்கு அண்டை வீடு ஒன்றா, பலவா? மறுநாளே பதில் வந்தது. 'ஒரே ஒரு வீடுதான். அந்த வீட்டில் இருப்பவன் நான். இரண்டு நாள் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சரியான சொல்லைப் போடுங்கள்.'

தமிழ்வாணி 'தி' என்று போட்டாள். போட்டுவிட்டு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

நான் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று உட்கார்ந்து யோசித்தாள். வீட்டுக்குக் கீழே வெல்டிங் கம்பிகள் அடுக்கிய குடோன். வாரத்தில் இரண்டு நாள் திறப்பார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில். தண்ணீர் கேன் போடுகிறவர் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். முத்துக்குமரன் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், எடுக்காவிட்டால் அக்காவுக்கு வேலை என்று நினைத்து அடுத்த ஞாயிறு கூப்பிடுவான். அழகுராஜா மெயில் போடுவான், பதில் வராவிட்டால் பக்கங்களை வேறு யாருக்காவது மாற்றிவிடுவான். யார் மேலும் வருத்தமில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் எட்டு ஒன்பது நாள் ஆகும் என்று தோன்றியது.

எதிரில் பாண்டிமீனாவின் தையல் கடை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்து வாங்கியதைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. மறுநாள் காலை அங்கே போய், மாற்றுச் சாவியை மேசை மேல் வைத்தாள்.

"என்ன டீச்சர், ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல. இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"எனக்கெதுக்கு?"

சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் பத்து தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் வாயில் வரவில்லை. "எட்டு மணிக்குள்ள தெருப்பக்கத்து ஜன்னலைத் தொறந்துருவேன். என்னைக்காவது தொறக்கலைன்னா வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பாண்டிமீனா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சரி" என்று சாவியை நூல்கண்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

கார்த்திகையில் அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. தமிழ்வாணி தேடி எடுத்துப் பார்த்தாள். 'எ நெய்பர்' என்று இருந்தது. அழகுராஜாவைக் கேட்டாள்.

"கடைசி செக்கிங் இப்ப சாஃப்ட்வேர்தான்க்கா. அதுவா மாத்திருக்கும். அர்த்தம் ஒண்ணும் கெட்டுப்போகலையே."

"கெட்டுப்போச்சு" என்றாள். எதிர்முனையில் அவன் வேறு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

எழுதியவர்களுக்கு நேரடியாகக் கடிதம் போடக்கூடாது என்பது கம்பெனி விதி. அவள் போட்டாள். உங்களைப் பற்றிய சொல்லை நான் சரியாகத்தான் போட்டேன், அது மாறிப்போனதற்கு மன்னிக்கவும் என்று நாலு வரி. தன் பெயரைப் போட்டு அவள் எழுதிய முதல் இங்கிலீஷ் கடிதம் அது. பதில் வரவில்லை. ஒரு மாதம் தினமும் பார்த்தாள்.

தைப்பொங்கல் அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. விடிவதற்குள் தெருவெல்லாம் தடுப்பு கட்டி, மாடியெல்லாம் ஆள் ஏறி, மைக் அலறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரனுக்குப் பொங்கல் லீவு கிடையாது, அவசர வேலை ஒன்று வந்திருந்தது. தமிழ்வாணி ஜன்னலை இறுக்கிச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது மணி இருக்கும். தோளில் கை விழுந்தது. அலறிக்கொண்டு எழுந்தாள். கையில் மாற்றுச் சாவியோடு பாண்டிமீனா நின்றாள். பட்டுச்சேலை கசங்கி, மல்லிகைப்பூ பாதி உதிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஏன் டீச்சர், ஜன்னலைத் தொறக்க மாட்டீங்களா? எம்புட்டு நேரமாக் கதவைத் தட்டுறேன்!"

"நீங்க... இன்னைக்குக் கடை லீவுல்ல?"

"லீவுதான். மாடு பாக்க வந்த எடத்துல அண்ணாந்து பாத்தேன், சாத்திக் கெடக்கு. போலீஸ்காரரு தடுப்பைத் தாண்ட விடல. அவருகிட்டச் சண்டை போட்டுட்டு வாரேன்."

பாண்டிமீனா அப்பாவின் கட்டிலில் துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். கம்ப்யூட்டர் திரையில் சிவப்புக் கோடுகளைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டாள். தமிழ்வாணி சொன்னாள்.

"இந்த ரெண்டு எழுத்தப் போடுறதுக்கா ஒரு ஆளு?"

"ஆமா."

"அப்ப நீங்க டீச்சர் இல்லையா!" என்று வாயில் கைவைத்துச் சிரித்தாள். பிறகு எழுந்து, "வாங்க, எங்க வீட்டுல பொங்கல் சாப்பிட்டு வரலாம்" என்றாள்.

"வேலை இருக்கு, பாண்டிமீனா."

யோசிக்காமல் வந்த பதில். பாண்டிமீனா இரண்டாம் தடவை கூப்பிடவில்லை, படியிறங்கிப் போய்விட்டாள். தமிழ்வாணி ஜன்னலைத் திறந்து, கூட்டத்துக்குள் அந்தப் பட்டுச்சேலை மறையும் வரை பார்த்தாள். அவசர வேலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு போயிருக்கலாம். எந்தத் தெரு, எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொண்டதும் இல்லை.

பங்குனியிலிருந்து 'தி' போடுவதும் எடுப்பதும் முழுக்க சாஃப்ட்வேர் வசமானது. அது போட்டதைச் சரிபார்க்க வாரத்தில் மூன்று நாள் மட்டும் தமிழ்வாணிக்கு வேலை கொடுத்தார்கள். மற்ற நாட்களில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைப் பெருக்கினாள், பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்கினாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கிழியாத ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள்.

பாண்டிமீனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல தைக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றாள் தமிழ்வாணி. "உங்க வீடு எந்தத் தெரு?"

பாண்டிமீனா ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு, மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள். "உக்காருங்க, சொல்றேன்."