முனி பூசைக் கறியும் என் பலமான விசுவாசமும்

எங்கள் லயத்தில் என்னைவிடப் பலமான விசுவாசி கிடையாது. இதை வேறு யாரும் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொண்டேன். நிவித்திகலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினவன் நான். பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்கவில்லை. ஆனாலும் சபையில் முன் பெஞ்சு எனக்குத்தான்.

என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த காம்பராக்காரன் போன வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்தான். அதுவரை குடியென்றால் அப்படியொரு குடி. ஒரு மழைநாளில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடந்தவனை நாலு பேர் தூக்கி வந்தோம், அட்டை கடித்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்டவன் ஞானஸ்நானத்துக்குப் பிறகு மூன்று மாதம் சாராயத்தைத் தொடவில்லை. அவன் மனைவியின் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

அப்போதுதான் முனி பூசை வந்தது. முனிக்கு ஆடும் சாராயமும் சேர்த்தே படைப்பார்கள். பிறகு வேதக்காரன், இந்து என்று பார்க்காமல் காம்பராவுக்கு ஒரு பங்கு கறி வரும். நாங்களும் காலங்காலமாய் வாங்கிச் சமைக்கிறோம். ஆட்டிடம் மதம் விசாரித்த வழக்கம் எங்களுக்கு இல்லை.

அவன் மட்டும் தொடமாட்டேன் என்றான்.

"வேணாம் மாமா. அந்தக் கறி வாசம் பட்டாலே போத்தல் ஞாபகம் வருது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏன்டா, கறிக்குள்ள முனி ஒளிஞ்சிருக்காரா?" என்றேன். "ஒரு எலும்புத் துண்டுக்கே இப்புடி நடுங்குது ஒன் விசுவாசம். என்னயப் பாரு!"

என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு எலும்பை நன்றாகச் சப்பிக் காட்டினேன். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வுடுங்க மாமா, அவரு பாஸ்டராகப் போறாரு" என்றான் ஒருத்தன்.

அடுத்த காம்பராக்காரன் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் தின்றான். பிறகு எழுந்து முனி கோயில் பக்கம் நடந்தான். பொழுது சாயும்போது தள்ளாடிக்கொண்டு பழைய ஆளாகவே திரும்பி வந்தான். அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. மலையில் வேலைக்கும் ஒழுங்காகப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் இரத்தினபுரியிலிருந்து ஆட்டோவில் வந்து பிரசங்கம் செய்தார். புதிதாக விசுவாசித்த ஒருவனை இடறச் செய்கிறவன் கழுத்தில் திருகைக்கல்லைக் கட்டிக் கடலில் போடுவதே அவனுக்கு நல்லதாம். இந்தக் கல்லுக்கு ஏற்ற கழுத்து சபையில் யாருக்கு இருக்கிறது என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அடுத்த காம்பராக்காரன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கிட்டே வந்தாள்.

"அந்தக் கறி ஒங்கள ஒண்ணும் செய்யாதுண்ணு எனக்குத் தெரியும் மாமா. அவர செய்யும்ணு ஒங்களுக்குத் தெரியாதா? அவருதான் வாயத் தொறந்து சொன்னாரே."

சொன்னான். கேட்டுக்கொண்டேதான் சப்பினேன்.

மறு ஞாயிறு சட்டை மாற்றிக்கொண்டு அவன் காம்பராவுக்குப் போனேன். பாயில் கிடந்தான்.

"எந்திரிடா, சபைக்குப் போவோம். அன்னிக்கு நான் செஞ்சது தப்பு."

"நீங்க போங்க மாமா. நீங்க பலமான ஆளு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் சபைக்குப் போகாமல் அவனிடம்தான் போகிறேன். போன வாரம் எழுந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். சபையில் முன் பெஞ்சு காலியாகக் கிடக்கிறதாம். பலமான விசுவாசிகள் யாராவது இருந்தால் உட்காரட்டும்.