வளைந்த தலைமாட்டுப் பலகை

என் தங்கை புருஷன் பெலார்மினோவுக்கு நேர்கோடே வராது. நாற்பத்தோரு வருஷம் படகு கட்டிய ஆள். சிலோவே தீவில் எங்கள் கரையோரம் மிதக்கிற படகுகளில் பாதி அவன் கையால் ஆனவை. ஆனால் அவன் வீட்டுக் கதவு சரியாக மூடாது. அவன் செய்த மேசையில் சூப்பு வைத்தால் ஒரு பக்கமாக வழியும். "மாப்ள, உன் தச்சு வேலையைத் தண்ணியில போட்டாத்தான் நேரா நிக்கும்" என்று நான் கேலி செய்யாத நாள் கிடையாது. அவனும் சும்மா விடமாட்டான். "உன் உருளைக்கிழங்குப் பாத்தி மட்டும் நூல் பிடிச்சாப்ல இருக்காக்கும்?" என்பான்.

போன ஆகஸ்டில் தங்கை எதெல்மீராவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். பிழைத்துவிட்டாள், ஆண்டவர் புண்ணியம். ஆனால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இனி மல்லாந்து படுக்கக் கூடாது, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். தலையணையை அடுக்கிப் பார்த்தார்கள். கண் அசந்ததும் இவள் ஒரு பக்கமாகச் சரிவாள், உடனே மூச்சு முட்டும்.

அவர்கள் மகள் யாஸ்னா புவெர்த்தோ மோன்த் நகரத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறாள். நல்ல பெண்தான், ஆனால் பிடிவாதம் அப்பனை உரித்து வைத்தது. "அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். நம்ம வீட்டுக் கட்டில்ல சாய ஒரு பலகைகூடக் கிடையாது" என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எதெல்மீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அந்த மாடியில கொண்டுபோய் வச்சீங்கன்னா நான் ஒரு மாசம் தாங்க மாட்டேன். எப்படியாவது என்னை வீட்டுக்குக் கொண்டு போங்க."

பெலார்மினோ மகளிடம் கெஞ்சினான். "சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வா. ஒரு தூக்கம் தூங்கட்டும். சரிஞ்சாள்னா, அன்னிக்கே பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அப்போது திங்கட்கிழமை. விடாத மழை, பச்சை மரம் காயாது. வீட்டுக்குப் பின்னால் அவனுடைய பழைய படகு எட்டு மழைக்காலமாகக் கிடந்தது. பின்பக்கம் சேற்றில் புதைந்து இற்றுப்போயிருந்தது. மூக்குப் பக்கம் மட்டும் மேட்டில் தப்பியிருந்தது. அதிலிருந்து ஏழு சைப்ரஸ் பலகைகளைக் கழற்றினான். இழைத்ததும் மணம் வீட்டைத் தூக்கியது.

ஆனால் படகின் மூக்குப் பலகை வில்லாக வளைந்திருக்கும். யாஸ்னாவோ கைபேசியில் கடைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள், தட்டையான தலைமாட்டுப் பலகை. இவனுக்கும் அப்படியே வேண்டுமாம். பலகைகளை ஆவிப் பெட்டியில் வேகவைத்தான். இளகியதும் நிமிர்த்தி, மேலே பாறாங்கல் ஏற்றினான். புதன், வியாழன் இரண்டு நாளும் அதே வேலை. கல்லை எடுத்துவிட்டு ஒரு மாத்தே டீ குடித்துத் திரும்பினால் பலகை பழையபடி வளைந்து நின்றது. மூன்றாம் தடவை ஒன்று படாரென்று பிளந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா மாப்ள? காலமெல்லாம் மரத்தை வளைச்சவன் நீ. வளைச்ச மரம் மறக்காதுன்னு ஊருக்கே சொன்னவன் நீ. இப்ப நிமித்தப் போறியாம்!"

அவன் ஆவிப் பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். "அவ போயிடுவா மச்சான். நாளை ஒரு நாள்தான் இருக்கு."

அழுகிறவனிடம் இன்னும் கத்தினேன். அது என் புத்தி. "அப்படின்னா வளைஞ்சதை வளைஞ்சபடியே வச்சுத் தொலையேன்!"

யோசித்துச் சொன்னதில்லை, எரிச்சலில் வந்தது. அவன் மூக்கைத் துடைத்தான். இரண்டு பலகைகளைக் குறுக்குவாட்டில் சுவரோரம் நிறுத்தி, குழிவுக்குள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். வேண்டுமென்றே வலப்பக்கம் சரிந்தான். பலகை தோளைத் தாங்கியது. இடப்பக்கம் சரிந்தான், அங்கேயும் தாங்கியது.

"மச்சான், ஆணிப் பெட்டியை எடு" என்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை. பின்னால் படகுக்கு வைப்பதுபோல மூன்று விலாச்சட்டம் கொடுத்து, ஆறு பலகைகளையும் மரமுளையால் இறுக்கினான். கட்டில் நகர்ந்தால் எல்லாம் வீண் என்று சட்டங்களை வீட்டுத் தூணோடு போல்ட்டு போட்டு முடுக்கினோம். முடிந்தது என்று திரும்பினால், இவன் பலகை இடுக்குகளில் மரநாரைத் திணித்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறான். படகில் தண்ணீர் கசியாமல் அடிக்கிற அதே கலப்பத்து!

"அட கிறுக்கா! கட்டில்ல கடல் ஏறுமா?"

"கை அதுபாட்டுக்குப் போவுது மச்சான்" என்று அசடு வழிந்தான். பாதியில் விட்டால் அசிங்கம் என்று கடைசி இடுக்குவரை அடித்து முடித்தான்.

சனிக்கிழமை மதியம் எதெல்மீராவை வண்டியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினோம். யாஸ்னாவின் கையில் அஞ்சு மணி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட். கட்டிலைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "அப்பா, நான் அனுப்பின படம் இதுவா?"

அவன் எதெல்மீராவைக் கட்டிலில் உட்காரவைத்தான். அவள் இரண்டு வாய் உருளைக்கிழங்கு மில்காவோ அடை தின்றாள், சாய்ந்தாள், கண் மூடினாள். யாஸ்னா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எதெல்மீராவின் தலை வலப்பக்கம் சாய்ந்தது, தோளும் கூடவே போனது. எனக்கு உயிரே இல்லை. பலகையின் வளைவில் தோள் முட்டி நின்றது. மூச்சு சீராக வந்தது.

நானும் பெலார்மினோவும் சமையலறைக்குப் போய், யாரும் கேட்காத உருளைக்கிழங்கை எல்லாம் உரித்தோம். இரண்டு மணி நேரத்தில் ஒரு வாளி.

யாஸ்னா வாசலில் வந்து நின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா."

அவன் கையிலிருந்த கத்தி விழுந்தது.

"நான் மட்டும் கிளம்புறேன்" என்றாள். "அம்மா அந்த வளைவைத் தாண்டி ஒரு அங்குலம் சரியல. சுவத்து இடுக்குக் காத்துகூட அவங்க மேல படல. மாத்திரையை மட்டும் நேரத்துக்குக் குடுங்க."

அப்பாடா! நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

உள்ளே எதெல்மீரா விழித்திருந்தாள். பலகை இடுக்கை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். "ஏய்யா, கட்டிலுக்கும் கலப்பத்து அடிச்சிருக்கியா?"

"அடிச்சிருக்கேன்."

"ஒழுங்கா அடிச்சியா? நெஞ்சுல ஏறின தண்ணியே எனக்குப் போதும்."

"ஒரு சொட்டு ஏறாது, எதெல்மீரா" என்றான் பெலார்மினோ, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு.